திருகோணமலை வீட்டுத் தோட்டத்தில் கொடித்தோடை: விதையிலிருந்து பழம் வரை முழுமையான வழிகாட்டி

திருகோணமலையில் கொடித்தோடை வளர்க்கும் வீடுகளில் ஒரே முறைப்பாட்டைத் திரும்பத் திரும்பக் கேட்கலாம். கொடி வேலியைத் தாண்டி மாமரத்தில் ஏறிவிட்டது, பூவும் நாள் தவறாமல் பூக்கிறது, ஆனால் ஒரு காய்கூடத் தங்குவதில்லை. பசளை போட்டுப் பார்க்கிறார்கள், மருந்து அடித்துப் பார்க்கிறார்கள், கடைசியில் "இந்த மண்ணுக்கு இது சரிவராது" என்று அடியோடு வெட்டி எறிந்துவிடுகிறார்கள். மண்மேல் பழி போடுவது அநியாயம். அந்த வீடுகளில் பெரும்பாலும் குறை ஒன்றுதான்: அங்கே நிற்பது தனிக் கொடி.

கடைகளில் பேஷன் புரூட் என்று விற்கப்படும் இந்தப் பழத்தில் முக்கியமான வகைகள் இரண்டு. ஊதாத் தோல் கொண்டது குளிர்ந்த மலைப்பகுதிகளுக்கு உரியது. அதன் பூ தன் மகரந்தத்தாலேயே காய்த்துவிடும். மஞ்சள் தோல் கொண்டதோ தாழ்நிலத்தின் வெப்பத்தைத் தாங்கி வளர்வது, வேரைத் தாக்கும் வாடல் நோயையும் கூடுதலாக எதிர்ப்பது. திருகோணமலைக்கு ஏற்றது மஞ்சள்தான். ஆனால் அதற்கு ஒரு பிடிவாதம் உண்டு. தன் மகரந்தத்தைத் தன் சூல்முடியில், அதாவது பூவில் மகரந்தத்தைப் பெறும் பகுதியில், வைத்தால் அது ஏற்காது. அதே கொடியின் இன்னொரு பூவிலிருந்து எடுத்து வைத்தாலும் ஏற்காது. அந்தக் கொடியில் வெட்டிய தண்டை நட்டுப் புதிதாக ஒரு கொடி வளர்த்தாலும் பயனில்லை. பரம்பரையில் அதுவும் பழைய கொடியேதான்.

விதையிலிருந்து வளர்ப்பதன் பெறுமதி இங்கேதான் தெரியும். ஒவ்வொரு விதையும் தனிப்பிறவி. வெவ்வேறு தாய்க்கொடிகளின் பழங்களிலிருந்து விதை எடுத்து மூன்று நான்கு கன்றுகளை ஒரே வரிசையில் நட்டால், ஒன்றுக்கொன்று மகரந்தம் கொடுத்துக் காய்க்கும். தண்டு வைத்தால் சில மாதங்கள் முந்திப் பூக்கும் என்பது உண்மைதான். காய்க்காத பூ முந்தி வந்து என்ன செய்ய?

எப்போது தொடங்குவது

எங்கள் ஊரின் மழை வருடம் முழுவதும் பங்கிட்டுப் பெய்வதில்லை. ஒக்டோபரில் தொடங்கி ஜனவரி வரை வடகீழ்ப் பருவமழை. அதிலும் நவம்பர், டிசம்பர் மாதங்களில் கொட்டித் தீர்க்கும். மே முதல் செப்டம்பர் வரை மேற்கிலிருந்து கச்சான் காற்று உலர்ந்து, சுட்டுக்கொண்டு வீசும். இளந்தளிர் ஒரே பகலில் கருகி விளிம்பு சுருண்டுபோவதை அந்த மாதங்களில் பார்க்கலாம்.

ஆகவே ஜூலை கடைசியில் அல்லது ஓகஸ்ட் முற்பகுதியில் விதை போடுங்கள். கச்சான் வீசும் நாட்களில் நாற்று நிழலில், உங்கள் கண்பார்வையில் இருக்கும். எட்டு முதல் பத்து வாரங்களில் நடும் பருவம் வந்துவிடும். ஒக்டோபரின் முதல் மழை மண்ணை நன்றாக நனைத்ததும் நிலத்தில் வையுங்கள். மாரி முழுவதும் வேர் இறங்கும், தைப்பொங்கல் சமயத்தில் கொடி கம்பியைத் தொட்டிருக்கும், அடுத்த கோடையில் முதல் பூவை எதிர்பார்க்கலாம். ஏப்ரல், மே மாதங்களில் நட்டவர்கள் தண்ணீர் சுமந்து சுமந்து களைத்துப்போவார்கள். அந்தக் கன்றும் கச்சான் முடியும்வரை உயிரைப் பிடித்துக்கொண்டிருக்குமே தவிர வளராது.

பழம் தேர்வதும் விதை எடுப்பதும்

நன்றாகக் காய்க்கும் கொடியிலிருந்து தானாக விழுந்த பழம்தான் விதைக்கு உகந்தது. கையில் எடுத்தால் அளவுக்கு மீறிய பாரம் தெரிய வேண்டும். பாரமில்லாத பழத்தில் விதையும் குறைவு, சாறும் குறைவு. சாறு என்பது ஒவ்வொரு விதையையும் சுற்றியிருக்கும் சிறு பைதான் என்பதால் இரண்டும் சேர்ந்தே கூடும், சேர்ந்தே குறையும்.

குறைந்தது மூன்று இடங்களிலிருந்து பழம் திரட்டுங்கள். கன்னியாவில் உள்ள உறவினர் வீட்டில் ஒன்று, தம்பலகாமத்தில் ஒன்று, சந்தையில் மஞ்சள் பழமாகப் பார்த்து ஒன்று என்று இருந்தால் நல்லது. ஒரே பழத்து விதைகள் உடன்பிறப்புகள். அவற்றில் சில சோடிகள் ஒன்றையொன்று ஏற்கும், சில ஏற்காது. பூக்கும்வரை எது எது என்று தெரியாது. தாய்க்கொடிகள் வேறாக இருந்தால் இந்தக் கவலை பெரும்பாலும் இல்லை. மலைநாட்டிலிருந்து வரும் ஊதாப் பழத்தின் விதையும் முளைக்கும், கொடியும் வளரும். ஆனால் எங்கள் வெப்பத்தில் அது நன்றாகக் காய்க்கும் என்று நம்பி இடத்தை ஒதுக்க நான் சொல்லமாட்டேன்.

பழத்தை வெட்டி, உள்ளிருப்பதைக் கரண்டியால் வழித்து ஒரு கண்ணாடிப் போத்தலில் போடுங்கள். சிறிது தண்ணீர் சேர்த்து, மூடியை இறுக்காமல் இரண்டு மூன்று நாட்கள் நிழலில் வையுங்கள். கலவை நுரைத்துப் புளிக்கும். விதையைச் சுற்றியுள்ள வழுவழுப்பான பை அப்போது இளகிவிடும். அரிதட்டில் கொட்டி, குழாய்த் தண்ணீரின் கீழ் விரலால் தேய்த்துக் கழுவினால் கறுப்பு விதை தனியே வரும். அதைக் கண்ணருகே பிடித்துப் பாருங்கள்: தட்டையாக, ஒரு முனை கூராக, மேற்பரப்பு முழுவதும் நுண்ணிய குழிகளுடன் இருக்கும். அந்தக் குழிகளில் மஞ்சள் பிசின் ஒட்டியிருந்தால் இன்னொரு முறை தேயுங்கள். மிச்சமிருக்கும் பழச்சதை பூஞ்சணத்தையும் எறும்பையும் அழைத்துவரும். தண்ணீரில் மிதக்கும் விதைகளைத் தள்ளிவிடுங்கள்.

கழுவிய விதையைத் தாளில் பரப்பி நிழலில் ஒரு நாள் ஈரம் உலரவிட்டு உடனே விதையுங்கள். வெயிலில் காயவைப்பது வேண்டாம். கொடித்தோடை விதை புதிதாக இருக்கும்போது சுறுசுறுப்பாக முளைக்கும். பெட்டியில் மாதக்கணக்கில் கிடந்த விதை முளைக்கவே மாதக்கணக்கில் எடுக்கும். பழைய விதைதான் கையில் இருக்கிறது என்றால், விதைப்பதற்கு முன் ஒரு நாள் இளஞ்சூட்டு நீரில் ஊறவிடுங்கள்.

எந்த விதை எந்தப் பழத்தினது என்று குறித்து வைக்க மறக்க வேண்டாம். கோப்பையில் அழியாத மையால் ஓர் எழுத்து போதும். கன்னியா விதைக்கு "க", தம்பலகாமம் விதைக்கு "த". மூன்று மாதம் கழித்து எல்லாக் கன்றுகளும் ஒரே தோற்றத்தில் நிற்கும்போது இந்த எழுத்துத்தான் வழிகாட்டும்.

நாற்று

காலியான யோகட் கோப்பைகளின் அடியில் மூன்று துளை இட்டால் விதைக்கப் போதும். நாற்றை நீண்ட நாள் வைத்திருக்க உயரமான சிறு பொலித்தீன் பை இன்னும் வசதி. மேல்மண், மணல், நன்றாக உக்கிய கூட்டெரு மூன்றும் சம பங்கு. உக்காத சாணத்தைச் சேர்த்தால் சூடேறி வேரைச் சுடும். தும்புத்தூள் சேர்ப்பவர்கள் அதை முதலில் நல்ல தண்ணீரில் இரண்டு முறை அலசுங்கள், அதில் உப்பு தங்கியிருக்கும். கலவையின்மேல் கொதிநீர் ஊற்றி ஆறவிட்டுப் பயன்படுத்தினால் நாற்றழுகல் குறையும்.

ஒரு கோப்பைக்கு இரண்டு விதை, ஒரு சென்ரிமீற்றர் ஆழம். மேலே மணல் தூவி, பூவாளியால் மெதுவாக நனையுங்கள். எங்கள் ஊரின் வெப்பம் முளைப்பதற்கு மிகவும் உகந்தது, அதற்கென்று எதுவும் செய்ய வேண்டியதில்லை. மண் உலராமல் பார்த்துக்கொள்வதுதான் வேலை. ஓகஸ்ட் மாதக் காற்றில் சிறு கோப்பை அரை நாளில் காய்ந்துவிடும் என்பதால் காலையும் மாலையும் பார்க்க வேண்டும். புது விதை பத்து முதல் இருபது நாட்களில் தலைகாட்டும். சில விதைகள் ஒரு மாதம் கடந்தும் முளைக்கும். அவசரப்பட்டுக் கோப்பையைக் கொட்டிவிடாதீர்கள்.

முளைத்த பின் பலருக்கு ஒரு சந்தேகம் வரும். கொடித்தோடை இலை மூன்று மடல் கொண்டது என்று பார்த்துப் பழகியவர்கள், நாற்றின் இலை பிளவில்லாமல் முட்டை வடிவில் இருப்பதைக் கண்டு களை என்று பிடுங்கிவிடுகிறார்கள். இளங்கன்றின் முதல் இலைகள் அப்படித்தான் இருக்கும். கொடி முதிர்ந்த பிறகே இலை மூன்றாகப் பிரியத் தொடங்கும்.

இரண்டும் முளைத்த கோப்பையில் மெலிந்ததைக் கத்தரிக்கோலால் வெட்டிவிடுங்கள், பிடுங்கினால் நல்லதன் வேரும் அசையும். நான்கைந்து இலை வந்ததும் பெரிய பைக்கு மாற்றி, மெல்லிய ஈர்க்கை ஊன்றுகோலாக வைத்து, காலை வெயில் மட்டும் படும் இடத்தில் வையுங்கள். ஒரு முழ உயரத்தை நெருங்கியதும், செப்டம்பர் கடைசியில், கொஞ்சம் கொஞ்சமாக முழு வெயிலுக்குப் பழக்குங்கள்.

இடமும் குழியும்

கொடித்தோடைக்கு வெயில் வேண்டும், கச்சான் வேண்டாம். மேற்குப் பக்கம் சுவரோ மரங்களோ மறைப்பாக நிற்கும் இடம் கிடைத்தால் அதையே தேர்ந்தெடுங்கள். எதுவும் இல்லாவிட்டால் முதல் கோடைக்காவது மேற்கே ஒரு கிடுகு மறைப்புக் கட்டிவிடுங்கள். கடலோர வீடுகளில் உப்புக்காற்று நேரே அடிக்கும் பக்கத்தைத் தவிர்க்க வேண்டும். அதைவிட முக்கியம் கிணற்று நீர். இந்தக் கொடி உப்பைத் தாங்காது. கோடையில் உவராகிவிடும் கிணறு உள்ள வளவுகளில், இலை விளிம்பு பழுப்பாகிக் கருகுவதைப் பலர் நோய் என்று நினைக்கிறார்கள். அந்த வீடுகளில் குடிப்பதற்கு எடுக்கும் நல்ல தண்ணீரையே கொடிக்கும் கொடுக்க வேண்டிவரும், ஆகவே வளர்க்கும் கொடிகளின் எண்ணிக்கையை அதற்கேற்ப வைத்துக்கொள்ளுங்கள்.

குழி நீளம், அகலம், ஆழம் மூன்றும் இரண்டு அடி. நடுவதற்கு இரண்டு வாரம் முன்பே வெட்டி நிரப்பி வைத்தால் மண் அமர்ந்துவிடும். ஆனால் எதைக் கொண்டு நிரப்புவது என்பது நீங்கள் திருகோணமலையின் எந்தப் பக்கம் இருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது.

உப்புவெளி, நிலாவெளி, சாம்பல்தீவுப் பக்கத்து மணலில் ஊற்றிய தண்ணீர் நிற்காமல் இறங்கிவிடும். அங்கே பொச்சுமட்டைதான் கைகொடுக்கும். குழியின் அடியில் மட்டைகளைக் குழிவுப் பக்கம் மேலே தெரியும்படி நெருக்கி அடுக்கி, மேலே மண் தூவி, இன்னோர் அடுக்கு வையுங்கள். தென்னைக்கு எங்கள் பெரியவர்கள் செய்த அதே வேலை. மாரியில் குடித்த நீரை மட்டை கோடையில் மெல்ல விடும். அதன்மேல் மேல்மண்ணும் உக்கிய மாட்டெருவும் சம அளவில் கலந்து நிரப்புங்கள். சிப்பி கலந்த கடற்கரை மணலில் வேறொரு தொல்லையும் வரும்: புதிய இலை மஞ்சளாகி, நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும். மண்ணின் காரத்தன்மையால் வேருக்கு இரும்புச்சத்து எட்டாததன் அடையாளம் அது. சேதனப் பசளையைக் கூட்டுங்கள், அடுப்புச் சாம்பலை அந்த மண்ணில் போடாதீர்கள்.

தம்பலகாமம், கந்தளாய்ப் பக்கத்தில் வயலை அண்டிய வளவுகளில் கதை நேரெதிர். அங்கே நவம்பர் மழையில் தண்ணீர் தேங்கும், தேங்கினால் சில நாட்களிலேயே அடித்தண்டு அழுகும். குழியைவிட மேடுதான் அங்கே தேவை. ஓர் அடி உயரத்துக்கு மண்ணைக் குவித்து, உச்சியில் நடுங்கள். பொச்சுமட்டையைப் புதைக்க வேண்டாம், மேலே மூடாக்காகப் போட்டால் போதும்.

கன்றுக்குக் கன்று எட்டு முதல் பத்து அடி. வேறு வேறு எழுத்துக் குறித்த கன்றுகள் அடுத்தடுத்து வரும்படி நடுங்கள். பையில் இருந்த அதே ஆழத்தில் வைக்க வேண்டும். தண்டைச் சுற்றி மண் அணைத்தால் அடி அழுகும். மூடாக்கையும் தண்டிலிருந்து ஒரு சாண் தள்ளியே போடுங்கள்.

நட்ட அன்றே அடைப்பும் வைத்துவிடுங்கள். கட்டாக்காலி மாடும் ஆடும் எல்லா இடத்திலும் உள்ள தொல்லை. நகரத்தில், அதுவும் பிரெட்ரிக் கோட்டையை அண்டிய தெருக்களில், புள்ளிமான்கள் தாராளமாக உலாவும். அவை எங்கள் ஊரின் அழகு, விரட்டி அடிக்க யாருக்கும் மனம் வராது. ஆனால் தளிர் எட்டும் உயரத்தில் இருந்தால் காலையில் வெறும் தண்டுதான் மிஞ்சும். கம்பி வலையை நெஞ்சளவு உயரத்துக்கு வட்டமாகச் சுற்றிக் கட்டினால் இருவருக்கும் பிரச்சினை இல்லை.

பந்தலா, கம்பியா

மரத்தில் ஏற்றிவிடுவது வேண்டவே வேண்டாம். மாமரத்தின் உச்சியில் பூக்கும் பூவைக் கையால் தொட முடியாது, விழும் பழம் உடைந்து சிதறும், மாமரமும் வெளிச்சமின்றி நலியும். மேல்பந்தல் அழகானது, கீழே நிழலும் தரும். ஆனால் இலை நிறைந்த பந்தல் காற்றை முழுவதுமாக ஏந்திக்கொள்ளும். 2020 டிசம்பர் 2ஆம் திகதி இரவு புரெவிப் புயல் திருகோணமலைக்கு வடக்கே கரையைத் தொட்டது எல்லோருக்கும் நினைவிருக்கும். கொடி மிகச் செழித்து நிற்கும் மாதமும் புயல் வரும் மாதமும் இங்கே ஒன்றுதான் என்பதால், நான் ஒற்றைக் கம்பி வரிசையையே சிபாரிசு செய்வேன்.

எட்டு அடித் தூண்களை இரண்டு அடி புதைத்து, ஆறு அடி வெளியே நிற்கும்படி, பதினைந்து அடிக்கு ஒன்றாக நடுங்கள். கொங்கிரீட் தூண், பழைய இரும்புக் குழாய், பனங்கட்டை எதுவும் ஆகும். கிளிசரியாக் கதியாலை நட்டால் அதுவே துளிர்த்து உயிருள்ள தூணாகும், வெட்டும் குழையும் பசளையாகும். ஆனால் அதை அடிக்கடி கவாத்துச் செய்ய வேண்டும். இரண்டு ஓரத் தூண்களுக்கும் சாய்வுக் கால் கொடுப்பதில் சோம்பல் கூடாது. முழுப் பாரமும் அங்கேதான் இழுக்கும். தடித்த கல்வனைஸ் கம்பியை உச்சியில் இறுக்கிக் கட்டினால் வேலை முடிந்தது.

கன்றின் அருகே ஒரு கயிற்றைக் கம்பியிலிருந்து தொங்கவிட்டு, ஒற்றைத் தண்டாக மேலே ஏற்றுங்கள். பக்கத்தில் வரும் கிளைகளை நகத்தால் கிள்ளிவிட வேண்டும். கம்பியைத் தாண்டி ஒரு சாண் போனதும் நுனியைக் கிள்ளுங்கள். அதன் கீழிருந்து வரும் கிளைகளில் இரண்டை மட்டும் விட்டு, இடமும் வலமுமாகக் கம்பியில் படரவிடுங்கள். அவற்றிலிருந்து கீழ்நோக்கித் தொங்கும் கிளைகள்தான் பூக்கும், காய்க்கும். தொங்கும் கிளைகளைச் சுருள் இழைகள் ஒன்றோடொன்று பின்னிவிடும். வாரம் ஒரு முறை விரலால் கோதிப் பிரித்துவிட்டால் உள்ளே காற்றும் வெளிச்சமும் போகும். தரையைத் தொடும் நுனியை ஓர் அடி மேலே வெட்டிவிடுங்கள்.

தண்ணீரும் பசளையும்

வேர் மேலோட்டமாகப் பரவுவது. ஆகவே கொத்தக் கூடாது, மூடாக்கைக் குறைக்கக் கூடாது. வைக்கோல், சருகு, தென்னோலைத் துண்டு எது கிடைத்தாலும் போடுங்கள். பெப்ரவரி முதல் இரண்டு நாளுக்கு ஒரு முறை ஆழ ஊற்றுங்கள். கச்சான் மாதங்களில், மணல் நிலத்தில், தினமும் மாலையில் ஊற்ற வேண்டும். திருகோணமலையில் பகலின் நீளம் வருடம் முழுவதும் பெரிதாக மாறுவதில்லை. மஞ்சள் கொடிக்குப் பூக்க வெளிச்சம் எப்போதும் போதும். பூ நிற்பது பெரும்பாலும் தண்ணீர் நிற்பதால்தான். மொட்டு மஞ்சளாகி உதிர்ந்தால் முதலில் மண்ணைத் தோண்டி ஈரம் பாருங்கள்.

பசளையில் கவனம் ஒன்றுதான். யூரியாவும் கோழி எருவும் அளவுக்கு மிஞ்சினால் கொடி கரும்பச்சையாகக் கூரை வரை போகும், பூக்காது. இரண்டு மாதத்துக்கு ஒரு முறை ஒரு வாளி கூட்டெரு அல்லது உக்கிய ஆட்டெரு போதும். பூக்கும் காலத்தில் பொட்டாசியம் தேவைப்படும். வாழைத் தண்டையும் தோலையும் நறுக்கி மூடாக்கின் கீழ் போடலாம். செம்மண் நிலத்தில் இரண்டு கைப்பிடி விறகுச் சாம்பலும் தூவலாம்.

பூ

நான் சொல்ல வந்ததன் மையம் இதுதான், ஆகவே கொஞ்சம் நின்று பார்ப்போம்.

மஞ்சள் கொடியின் பூ காலையில் திறப்பதில்லை. நண்பகலை ஒட்டித் திறந்து, இரவில் மூடிவிடும், மறுநாள் மீண்டும் திறக்காது. அந்த ஒரே பிற்பகலில் நடக்க வேண்டியது நடக்காவிட்டால் பூ உதிர்ந்துவிடும். காலையில் எட்டு மணிக்குத் தோட்டத்தைப் பார்த்துவிட்டு வேலைக்குப் போகிறவர்கள் மொட்டையும் வாடிய பூவையும் மட்டுமே காண்பதன் காரணமும் அதுவே.

பூவின் நடுவே ஒரு காம்பு எழும்பி நிற்கும். அதில் ஐந்து மகரந்தப்பைகள் கீழ்நோக்கித் தொங்கும். அதற்கு மேலே மூன்று சூல்முடிகள், ஒவ்வொன்றும் நுனியில் சிறு குமிழுடன். பூ திறக்கும்போது இந்த மூன்றும் நிமிர்ந்து நிற்கும். பிறகு மெல்ல வளைந்து, மகரந்தப்பைகளின் மட்டத்துக்குக் கீழிறங்கும். வளைந்து இறங்கிய பிறகே பூ காய்க்கத் தயார். சில பூக்களில் சூல்முடிகள் கடைசிவரை நிமிர்ந்தே நிற்கும். அவற்றில் காய் பிடிக்காது, மகரந்தம் எடுக்க மட்டும் உதவும்.

மகரந்தம் பாரமானது, பிசுபிசுப்பானது, காற்றில் பறக்காது. சிறிய தேனீ தேனை உறிஞ்சும்போது சூல்முடியைத் தொடாமலே கீழால் போய்விடும், அதோடு மகரந்தத்தையும் அள்ளிச் சென்றுவிடும். வேலைக்குத் தகுந்த ஆள் கருவண்டுதான். பளபளக்கும் கரிய உடலோடு, உரத்து ரீங்காரமிட்டு வரும் அந்தப் பெரிய வண்டு பூவில் இறங்கினால் அதன் முதுகு மகரந்தப்பையில் உரசும். அடுத்த கொடியின் பூவில் அதே முதுகு சூல்முடியில் உரசும். அது பட்ட மரத்தில் துளையிட்டுக் குடியிருப்பது. வீட்டு முகட்டு மரத்தைத் துளைக்கிறது என்று அதை அடித்துக் கொல்பவர்களிடம் நான் கெஞ்சிக் கேட்பேன்: தோட்டத்து மூலையில் காய்ந்த முருங்கைக் கட்டையோ கிளிசரியாக் கட்டையோ இரண்டு மூன்றை வெட்டாமல் நிற்கவிடுங்கள், அங்கே குடியேறட்டும். பிற்பகலில் பூச்சிமருந்து அடிப்பதை அடியோடு நிறுத்துங்கள்.

வண்டு வராத இடத்தில் உங்கள் விரலே போதும். பிற்பகல் இரண்டு மணியளவில், "க" கொடியில் ஒரு பூவின் மகரந்தப்பைகளைச் சுட்டுவிரலால் வருடுங்கள். விரல் நுனி மஞ்சளாகும். நேரே "த" கொடிக்குப் போய், வளைந்து இறங்கிய மூன்று சூல்முடிகளின் குமிழ்களிலும் மெதுவாகத் தடவுங்கள். மூன்றிலும் தடவ வேண்டும். நிறைய மகரந்தம் ஒட்டினால் நிறைய விதை, அதனால் நிறையச் சாறு. பிறகு "த" விலிருந்து எடுத்து "க" வுக்கு. பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகளிடம் இந்த வேலையைக் கொடுத்துப் பாருங்கள், ஒரு பூவையும் விடமாட்டார்கள்.

மழை இந்த வேலைக்கு எதிரி. நனைந்த மகரந்தம் வெடித்துப் பயனற்றுப்போகும். மழை இருட்டிக்கொண்டு வந்தால், பூ திறந்ததும் கையால் தடவிவிடுங்கள். இரண்டு மணி நேரம் மழை பிந்தினால் காய் தப்பிக்கும். பிடித்த காய் சில நாட்களிலேயே பருத்துத் தெரியும். பிடிக்காதது காம்போடு உதிர்ந்துவிடும்.

கொடியைத் தேடி வருவன

செம்மஞ்சள் இறகில் கரும்புள்ளி கொண்ட ஒரு வண்ணத்துப்பூச்சி கொடியைச் சுற்றித் தாழப் பறந்தால், இலையைத் திருப்பிப் பாருங்கள். மஞ்சள் முட்டைகள் கூட்டமாக ஒட்டியிருக்கும். அவற்றிலிருந்து வரும் முள் நிறைந்த புழுக்கள் இளங்கொடியின் இலைகளைச் சில நாட்களில் தின்று தீர்க்கும். வேலியோரம் தானாக முளைத்து, பச்சை வலையால் மூடிய சிறு காய் காய்க்கும் காட்டுக்கொடியும் இதே குடும்பம்தான், இந்தப் புழுவுக்கு அதுவும் உணவு. முட்டை உள்ள இலையைக் கிள்ளி எடுத்துவிட்டால் மருந்து தேவையில்லை. புழுக்களைக் கண்டால் பொறுக்கி, அந்தக் காட்டுக்கொடியில் விட்டுவிடலாம்.

பழ ஈ குத்திய இளங்காயில் குழி விழும், கோணலாகும். அத்தகைய காய்களைப் பொறுக்கி ஆழப் புதையுங்கள். கோடையில் இலையின் அடியில் வெண்பஞ்சுபோல் மாவுப்பூச்சி வந்தால் தண்ணீரை வேகமாகப் பீச்சி, பிறகு வேப்பெண்ணெயைச் சவர்க்கார நீரில் கலந்து மாலையில் தெளிக்கலாம். இலை புள்ளிபட்டுச் சுருங்கி, காய் சிறுத்து, தோல் தடித்து மரம்போல இறுகினால் அது வைரசு நோய். மருந்து கிடையாது, கொடியை வேரோடு எடுத்து எரிப்பதுதான் வழி. அசுவினியாலும் வெட்டுக் கத்தியாலும் பரவும் அந்த நோய், நோயுள்ள கொடியின் தண்டை வைத்தாலும் புதுக் கொடிக்குத் தொற்றும். கொடிக்குக் கொடி கத்தியைச் சுடுநீரில் கழுவுங்கள்.

பழம்

காய் பிடித்து இரண்டு முதல் மூன்று மாதங்களில் பழுக்கும். பறிக்க வேண்டாம். மஞ்சளாகி, தானாகத் தரையில் விழுவதைக் காலையும் மாலையும் பொறுக்குங்கள். கீழே வைக்கோல் பரப்பியிருந்தால் அடிபடாது. பச்சைக் காயைப் பிள்ளைகள் கடித்துவிடாமலும், கொடியை ஆடு மாட்டுக்குப் போடாமலும் பார்த்துக்கொள்ளுங்கள். காயிலும் இலையிலும் சயனைட்டை வெளிவிடும் சேர்மங்கள் உண்டு. பழுத்ததில் அந்தப் பயம் இல்லை.

விழுந்த அன்றே வெட்டினால் புளிப்பு முகத்தைச் சுளிக்க வைக்கும். சில நாள் வைத்து, தோல் சுருங்கத் தொடங்கியதும் வெட்டினால் புளிப்பு இறங்கி மணம் ஏறியிருக்கும். உள்ளிருப்பதை வழித்து, அரிதட்டில் கரண்டியால் தேய்த்து, சீனியும் இரண்டு கல் உப்பும் சேர்த்துக் குளிர்ந்த நீரில் கரைத்துக் குடியுங்கள். மே மாத வெயிலில் அதற்கு நிகரானது இல்லை. பழம் குவியும் நாட்களில் வழித்த சாற்றை ஐஸ்கட்டித் தட்டில் ஊற்றி உறையவைத்தால் அடுத்த காய்ப்பு வரை வரும்.

கவாத்தும் அடுத்த தலைமுறையும்

புதிதாக வரும் கிளையில்தான் பூ வரும். ஆகவே செப்டம்பர் கடைசியில், மழைக்குச் சற்று முன், காய்த்து ஓய்ந்த தொங்கும் கிளைகளைக் கம்பியிலிருந்து ஒன்றிரண்டு அடி விட்டு வெட்டுங்கள். காய்ந்தவற்றை முழுதாக நீக்குங்கள். தடித்த முதுகொடியில் கத்தி வைக்க வேண்டாம், மஞ்சள் வகை அதில் மீண்டும் துளிர்ப்பது கடினம். வெட்டிய வாரத்தில் ஒரு வாளி எரு. புயல் மாதங்களுக்கு முன் பாரம் குறைவதால் தூணுக்கும் நிம்மதி.

கொடி மூன்று, நான்கு வருடங்கள் நன்றாகக் காய்க்கும், பிறகு குறையும். மூன்றாம் வருட ஜூலையிலேயே அடுத்த தொகுதி விதையைப் போட்டுவிடுங்கள். உங்கள் கொடிகளில் அதிகம் காய்த்ததன் பழம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். மற்றவற்றை அயலிலிருந்தும் வேறு ஊரிலிருந்தும் வாங்குங்கள், பதிலுக்கு உங்கள் பழத்தைக் கொடுங்கள். புதுக் கன்றுகளைப் பழைய குழியில் வைக்காமல், அதே கம்பி வரிசையில் இரண்டு கொடிகளுக்கு நடுவே உள்ள இடைவெளியில் புதுக் குழி வெட்டி நடுங்கள். அவை கம்பியைப் பிடித்துப் பூக்கத் தொடங்கிய பிறகு பழையவற்றை அடியில் அறுத்துவிடலாம்.